மச்சத்தை விலக்கிய முடிச்சு

அந்த இருபது மாடிக் கட்டடத்தில் கண்ணாடி துடைக்கிறவர்கள் எல்லாரும் இப்போது ஒரே முடிச்சில்தான் வாளி கட்டுகிறார்களாம். அதில் ஒருத்தர் மணிக்கட்டில் அந்த முடிச்சைப் பச்சை குத்தியிருக்கிறாராம். அவர் கையைப் பார்த்துப் பார்த்து மற்ற மூன்று பேரும் பழகிக்கொண்டார்களாம். பனி தேசத்துச் சாமிகள் ஒரு ஓநாயைக் கட்டிப்போட்ட முடிச்சாம் அது. உலகம் அழிகிற நாள் வரைக்கும் அவிழாதாம்.

இதை மருந்துக்கடைக்காரர் சொன்னார். அவருக்குச் சொன்னது அந்தக் கட்டடத்துக் காவலாளி, தலைவலி மாத்திரை வாங்க வந்த இடத்தில். மருந்துக்கடைக்காரர் காதில் விழுகிற செய்தி வாய் வழியாக வெளியே வரும்போது கொஞ்சம் சதை போட்டுத்தான் வரும் என்பது தெருவுக்கே தெரியும். ஆனாலும் கையுறைப் பெட்டியும் களிம்பும் வாங்க வந்தவள் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது உன் கைவேலைதானே, ஊசி?"

"ஆமா சார். ரெண்டு வாரம் ஆச்சு."

"அப்போ இனிமே உன்னை விட்டா பிடிக்க முடியாது. சாமிக்கே முடிச்சு போட்டுக் குடுத்தவ."

அவளைத் தெருவில் எல்லாரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் மெலிவு என்பது ஒரு காரணம், பச்சை குத்துகிறவள் என்பது இன்னொன்று. அக்காவும் தங்கையுமாக இந்த ஊருக்கு வந்து பதினோரு வருஷம். முதல் ஆறு வருஷம் அவள் துணியில் பூவேலை போடுகிற மெஷினுக்குப் படம் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அங்கே தப்பு நடந்தால் நூலைப் பிரித்துவிட்டு மறுபடி ஓட்டலாம். தோலில் அது நடக்காது. அந்த பயம்தான் அவளைத் தொழிலில் நல்ல பெயர் எடுக்கவைத்தது. வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம் அவள். கடை அனுமதித் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நான்கு முறை படிப்பாள், போட்ட பிறகு இரண்டு முறை.

அக்கா பக்கத்துத் தெருவில் பல் வைத்தியரிடம் உதவியாளர். "நான் வாயைத் திறங்கன்னு சொல்றேன், நீ கையை நீட்டுங்கன்னு சொல்ற. ரெண்டு பேருக்கும் அடுத்தவங்களைக் குத்தித்தான் சாப்பாடு" என்பாள். கடைக்குப் பின்னால் இருக்கிற ஒன்றரை அறையில் இருவரும் குடியிருந்தார்கள். அந்த அரை அறை சமையலுக்கு.

மணிக்கட்டில் பச்சை குத்திக்கொண்ட அந்தக் கயிற்றுக்காரர் முதல் தடவை கடைக்கு வந்தபோது நாற்காலியில் உட்காரவில்லை. ஐம்பது வயதிருக்கும். உள்ளங்கை ரெண்டும் செருப்புத் தோல் மாதிரி. சுவரில் மாட்டியிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய்க் கடைசியில் திரும்பினார்.

"ஓநாய் வேணாம்மா. ஓநாயைக் கட்டின கயிறு வேணும்."

அவளுக்குப் புரியவில்லை. அவர் சட்டைப்பையிலிருந்து எங்கோ காத்திருந்தபோது பத்திரிகையிலிருந்து கிழித்த தாள் ஒன்றை எடுத்து விரித்தார். வடக்குத் தேசத்துப் பழைய கடவுள்களின் கதை அது. ஃபென்ரிர் என்கிற ஓநாய் நாளுக்கு நாள் வளர்ந்து கடவுள்களையே நடுங்கவைத்தது. இரும்புச் சங்கிலி போட்டார்கள், அறுத்துவிட்டது. அதைவிடப் பெரிதாக இன்னொன்று போட்டார்கள், அதையும் அறுத்துவிட்டது. கடைசியில் குள்ளர்களிடம் சொல்லிப் பட்டு நாடா மாதிரி ஒன்றைச் செய்யச்சொன்னார்கள். பூனையின் காலடிச் சத்தம், பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் எச்சில் என்று ஆறையும் சேர்த்து முறுக்கிய நாடா. அதுதான் நின்றது.

"எதுக்குண்ணே இது?" என்று கேட்டாள்.

அவர் அப்போதுதான் உட்கார்ந்தார். ஒன்பது மாதத்துக்கு முன்னால் ஏழாவது மாடியிலிருந்து அவருடைய வாளி விழுந்திருந்தது. உயிரைத் தாங்குகிற கயிறெல்லாம் கம்பெனிக் கணக்கு. இரும்புப் பூட்டு, இரண்டு பேர் சோதனை, கையெழுத்து. வாளியும் துடைப்பானும் அவரவர் பாடு, அவரவர் கட்டிக்கொள்ள வேண்டியது. அவர் கட்டியது அவிழ்ந்துவிட்டது. கீழே ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்திருந்த அம்மா பேருந்து வருகிறதென்று எழுந்து இரண்டு எட்டு வைத்திருந்தார். வாளி பெஞ்சை இரண்டாகப் பிளந்தது.

"அந்தம்மா திரும்பிப் பார்த்துட்டு பஸ் ஏறிப் போயிட்டாங்க. நான்தான் இன்னும் ஏழாவது மாடியிலயே தொங்கிட்டு இருக்கேன்" என்றார். "கயித்தைத் தொட்டா கை நடுங்குது. கம்பெனியில கீழே நின்னு தண்ணி நிரப்புடான்னு விட்டிருக்காங்க. மணிக்கட்டுல ஒரு முடிச்சு இருந்தா, கட்டுறப்போ எல்லாம் கண்ணுல படும். தைரியம் வரும். ஆனா ஒண்ணு. அழகுக்கு வரைஞ்ச முடிச்சு வேணாம். கட்டினா நிக்கணும்."

கட்டினால் நிற்க வேண்டும். இதுவரை யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. சிறகு வேண்டும் என்று கேட்டவர்கள் அது பறக்க வேண்டும் என்று கேட்டதில்லை.

மூன்று வாரம் வரைந்தாள். அந்தத் தேசத்துப் பழைய மரக்கோயில் கதவு ஒன்றின் படத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். அதில் மெலிந்து நீண்ட மிருகங்கள் ஒன்றின் மேல் ஒன்று வளைந்து, காலெது கொடியெது என்று தெரியாமல் பின்னிக்கிடக்கும். ஆனால் அதற்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு கோடு இன்னொன்றைச் சந்திக்கிற இடத்தில் மேலே போனால், அடுத்த சந்திப்பில் கீழே போக வேண்டும். மேல், கீழ், மேல், கீழ். எங்கேயும் முறை தவறக்கூடாது. வாதுமைக் கண்ணும் நீண்ட மூக்குமாக ஓநாயின் தலையை மட்டும், கட்டுப்பட்டது எது என்று தெரிவதற்காக, ஒரு மூலையில் வைத்தாள். மிச்சமெல்லாம் நாடா, மணிக்கட்டைச் சுற்றி.

ஒவ்வொரு தடவையும் அவர் நாலு முழம் கயிறோடு வருவார். மேசையில் அவள் படத்தை விரித்து, அதைப் பார்த்துக் கயிற்றை அப்படியே பின்னி, இரண்டு பக்கமும் இழுப்பார்.

"உன் கோடு இந்த இடத்துல பொய் சொல்லுதும்மா. பாரு, வழுக்குது."

அழித்துவிட்டுத் திரும்ப வரைவாள். நான்காவது படத்தில் சந்திப்புகள் பன்னிரண்டு. அவர் கட்டினார், இழுத்தார், காலால் மிதித்துக்கொண்டு இழுத்தார். கயிறு அசையவில்லை. முடிச்சு போட்ட அந்தக் கயிற்றை அப்படியே கண்ணாடிக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

"நீ வரைஞ்சதுதான் நிஜமா நிக்குதுன்னு இது சாட்சி" என்றார். "தாளு தொலைஞ்சு போகும். கை தொலையாது. இனிமே கையைப் பார்த்துத்தான் கட்டுவேன்."

குத்துகிற அன்று காலையில் மணிக்கட்டைச் சவரம் செய்து, துடைத்து, அச்சுத்தாளை ஒட்டி எடுத்தாள். ஊதா நிறத்தில் கோடுகள் தோலில் இறங்கியிருந்தன. அழகாக உட்கார்ந்திருந்தது. ஒரே ஒரு இடம் தவிர. எலும்பு மேடிட்டு வருகிற இடத்தில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம். படத்தின் ஏழாவது சந்திப்பு சரியாக அதன் மேல் விழுந்திருந்தது.

மச்சத்தின் மேல் ஊசி வைக்கக்கூடாது. தொழிலில் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பது அது. மச்சம் நிறம் மாறினால் வைத்தியர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மையால் மூடினால் தெரியாது.

"மச்சம் இருக்குண்ணே. அதை நான் தொட மாட்டேன். கொஞ்சம் விலக்கிப் போட்டுக்கறேன்."

"உன் வேலை, உன் இஷ்டம். பிறந்ததிலிருந்து இருக்கு, அதுக்கும் இடம் விட்டுத்தான் ஆகணும்" என்று சிரித்தார்.

பேனா எடுத்து, அந்த இடத்தில் மட்டும் கையாலேயே மாற்றினாள். இரண்டு நாடாவும் மச்சத்தின் இரு பக்கமும் ஒதுங்கி வளைந்து, அப்பால் போய்ச் சேர்ந்துகொண்டன. மச்சம் நடுவில் ஒரு கண் மாதிரி உட்கார்ந்தது. படத்தைவிட இதுதான் நன்றாக இருந்தது. அவளே சொல்லிக்கொண்டாள். ஐந்து மணி நேரம் மெஷின் ஓடியது. முடித்துப் போட்டோ எடுத்தாள். நாலு நாளில் அவர் மறுபடி கயிற்றில் ஏறிவிட்டதாகச் செய்தி அனுப்பினார். கை நடுங்கவில்லையாம். செய்தியின் முடிவில் கும்பிடுகிற கை மூன்று போட்டிருந்தார்.

இப்போது மருந்துக்கடையிலிருந்து திரும்பி வந்து, கையுறைப் பெட்டியை அலமாரியில் வைக்கும்போது கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்கிய கயிற்று முடிச்சு கண்ணில் பட்டது. எல்லாரும் அதில் வாளி கட்டுகிறார்களாம் என்று நினைத்தாள். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் அந்தப் பெருமைக்குள் ஏதோ ஒன்று முள் மாதிரி நெருடியது. எதைப் பார்த்துக் கட்டுகிறார்கள்? இதையா? இது இங்கே அல்லவா தொங்குகிறது, அவர்கள் பார்ப்பது அவர் மணிக்கட்டை.

கைப்பேசியில் போட்டோவைத் தேடி எடுத்துப் பெரிதாக்கினாள். விரலை வைத்து நாடாவோடு நடந்தாள். கீழ், மேல். கீழ், மேல். கீழ், மேல். அடுத்தது மச்சம். அங்கே சந்திப்பு இல்லை, விலகிப் போகிறது. அதற்கடுத்தது, மேல்.

மேல், மேல்.

மறுபடி முதலிலிருந்து நடந்தாள். பதினோரு சந்திப்பு. ஒன்று குறைந்த இடத்தில் முறை தவறியிருந்தது. வாசல் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறவள், அன்றைக்கு அந்த ஒரு இடத்தைக் கயிற்றில் கட்டிப் பார்க்கவில்லை. அழகாக இருக்கிறது என்று நினைத்த அந்தக் கணத்தில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தாள்.

ஆணியிலிருந்து அந்த முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். போட்டோவைப் பார்த்துப் பின்னினாள். அவள் விரலுக்குக் கயிறு பழக்கமில்லை. கால் மணி நேரம் பிடித்தது. இழுத்தாள். நின்றது. இன்னும் பலமாக இழுத்தாள். நின்றது. மூச்சு வந்தது. தரை துடைக்க வைத்திருந்த வாளியில் பாதி தண்ணீர் நிரப்பி, கைப்பிடியில் அந்த முடிச்சைப் போட்டு, மறுமுனையைக் கதவுச் சட்டத்துக் கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டாள். அசையவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு வந்த அக்கா வாசலில் நின்றுவிட்டாள்.

"ஏண்டி, வாளியைத் தூக்குல போட்டிருக்க? அது என்ன பண்ணுச்சு உன்னை?"

சொன்னாள். ஒன்று விடாமல், மச்சத்திலிருந்து மருந்துக்கடைக்காரர் வரைக்கும்.

அக்கா வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வாளிக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். "நிக்குதே. அப்புறம் எதுக்கு முகத்தை இப்படி வெச்சிருக்க?"

"நின்னா சரிதான்கா. நான்தான் சும்மா பயப்படறேன்."

"நீ சும்மா பயப்படறது புதுசு இல்ல." அக்கா கை கழுவப் போனாள். குழாயைத் திறந்தாள், சோப்பைப் போட்டாள். நுரைத்த கையோடு அப்படியே திரும்பினாள். "இவளே, கண்ணாடி துடைக்கிறவர் கயிறு காய்ஞ்சா இருக்கும்?"

ஊசி வாளியைத் திரும்பிப் பார்த்தாள்.

அக்காதான் செய்தாள். ஒரு குவளையில் சோப்பைக் கரைத்து, முடிச்சின் மேல் மெதுவாக ஊற்றினாள். வாளியை விரலால் தட்டி ஊசலாடவிட்டாள், காற்றில் ஆடுகிற மாதிரி. முதலில் ஒன்றும் ஆகவில்லை. சோற்றைத் தட்டில் போட்டார்கள். யாரும் சாப்பிடவில்லை. வாளி ஆடிக்கொண்டிருந்தது.

"தாழ்ந்திருக்கோ?" என்றாள் ஊசி.

"உன் கண்ணுக்கு எல்லாமே தாழ்ந்துதான் இருக்கும்."

பேனாவால் கயிற்றில் ஒரு கோடு போட்டாள். கோடு முடிச்சுக்கு வெளியே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து முடிச்சுக்குப் பக்கத்தில் வந்தது. பிறகு உள்ளே போய்விட்டது. கயிறு மச்சம் இருக்க வேண்டிய இடத்தின் வழியாக, பாம்பு புற்றுக்குள் போகிற மாதிரி, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பதினெட்டு நிமிடம். வாளி விழுந்ததில் தரையில் ஒரு ஓடு குறுக்கே வெடித்தது. தண்ணீர் மேசைக்கடியில் ஓடியது. அங்கே இன்னும் விழாமல் இருந்தால், தண்ணீர் மாற்றும்போதெல்லாம் அவிழ்த்துக் கட்டுவதால்தான் இருக்கும்.

"போன் போடு" என்றாள் அக்கா.

ஊசி கைப்பேசியை எடுத்தாள். எண்ணைத் தொடவில்லை. அந்த ஒரு நிமிடத்தில் மனசுக்குள் என்னென்னவோ வந்தது. ஒன்பது மாதத்துக்குப் பிறகு நடுக்கம் நின்ற கை. அந்தக் கையில் நான் போட்டது தப்பு என்று இப்போது சொல்ல வேண்டும். தோலில் இருப்பதைப் பிரிக்க முடியாது. சொன்னால் அவர் மறுபடி கீழே நின்று தண்ணீர் நிரப்பப் போவார், சாகும் வரை மணிக்கட்டில் என் தப்பைச் சுமந்துகொண்டு. தெரு முழுக்கச் சொல்லும். மருந்துக்கடைக்காரர் சதை போட்டுச் சொல்வார்.

"அப்புறமா யோசிச்சு அழலாம்டி. முதல்ல போடு."

போட்டாள். மணி அடித்தது, அடித்து நின்றது. மறுபடி போட்டாள். அவர் கைப்பேசி வேலை நேரத்தில் கீழே பெட்டகத்தில் இருக்கும் என்று அவரே ஒரு தடவை சொன்னது நினைவுக்கு வந்தது.

அக்கா வண்டிச் சாவியை எடுத்துவிட்டாள். கடையைப் பூட்டினார்கள். ஊசி இந்தத் தடவை திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கவில்லை. அக்கா அதைக் கவனித்தபடியே வண்டியைக் கிளப்பினாள்.

வண்டியில் ஏழு நிமிடம். கட்டடத்தின் பக்கவாட்டில், பதினான்காவது மாடி உயரத்தில், நான்கு சிவப்புத் தொப்பிகள் தெரிந்தன. ஒவ்வொன்றின் காலடியிலும் புள்ளியாக ஒரு வாளி. கீழே ஆட்கள் வராதபடி கூம்பு வைத்துத் தடுப்பு நாடா கட்டியிருந்தார்கள். ஆனால் காலையில் அவர்கள் தொங்கிய இடத்துக்குக் கீழேதான். இப்போது அவர்கள் நகர்ந்திருந்தார்கள், நாடா நகரவில்லை. நேர் கீழே கட்டடத்தின் வாசல். சாப்பாட்டு நேரம். கும்பல் கும்பலாக ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

கத்திப் பார்த்தாள். காற்று அதை எங்கேயோ கொண்டுபோனது.

காவலாளி எழுந்து வந்தார். "என்னம்மா, யார் வேணும்?"

"மேல இருக்கவங்களை நிறுத்தச் சொல்லுங்க. வாளியை மேலே இழுத்துக்கச் சொல்லுங்க."

"நீங்க யாரு?"

அவள் நேராகவே சொன்னாள்.

"அந்த முடிச்சைப் பச்சை குத்தினது நான்தான். அது தப்பு. ஒரு இடத்துல விட்டுட்டேன். காய்ஞ்சிருந்தா நிக்கும், சோப்புத் தண்ணி பட்டா வழுக்கும். பதினெட்டு நிமிஷம். இப்பதான் பார்த்துட்டு வர்றேன்."

காவலாளி அவளைப் பார்த்தார், மேலே பார்த்தார். "அது அவிழவே அவிழாதுன்னு சொன்னாங்களே."

"நான் வரைஞ்சது அவிழாது. குத்தினது அவிழும்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. "மொட்டை மாடியில மேஸ்திரி கிட்ட போன் இருக்கு" என்று பையிலிருந்த சீட்டைப் பார்த்து எண்ணைச் சொல்லிவிட்டு, கூம்புகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அக்கா அதற்குள் வாசலுக்கு நடுவில் போய் வெள்ளைக் கோட்டோடு இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டாள்.

"அந்தப் பக்கக் கதவு வழியா போங்க. ஆமா சார், நீங்களும்தான். இல்லைங்க, யாருக்கும் ஒண்ணும் இல்ல. ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதான் நிக்கறேன்."

வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஆட்கள் விலகினார்கள். இரண்டு பேர் மட்டும் நின்று, மேலே என்ன என்று கழுத்தை நிமிர்த்தினார்கள். அக்கா அவர்கள் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள்.

ஊசி மேஸ்திரியின் எண்ணைப் போட்டுக் காதில் வைத்தாள். மணி அடித்தது. வெயில் கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். இடது ஓரத்திலிருந்த சிவப்புத் தொப்பி வேலையை நிறுத்திவிட்டு மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பது போலிருந்தது. வியர்வையைத் துடைப்பதாகவும் இருக்கலாம். அவருடைய காலடியில் இருந்த வாளி, மற்ற மூன்றையும்விட ஒரு சாண் தாழ்ந்து தொங்கியது. முதலிலேயே அப்படித்தான் இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. கயிற்றில் கோடு போட்டுப் பார்க்க இங்கே வழியில்லை.

"எடுத்தாங்களா?" என்று அக்கா திரும்பாமலே கேட்டாள்.

மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.